சிவரூபினி போட்ட பச்சை

பிஸ்கட் பெட்டி அட்டையை நாலாக மடித்து, நாற்காலியின் உடைந்த சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டுத்தான் சிவரூபினி உட்காருவார். உட்கார்ந்ததும் இடமும் வலமும் ஒருமுறை அசைந்து பார்ப்பார். அட்டை பிடித்துக்கொண்டது என்று தெரிந்தபின் கைப்பையிலிருந்து செண்ட் போத்தலை எடுத்துக் கழுத்தில் ஒரு தொடல். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, மேசைமேல் இருக்கும் தொலைபேசியைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக ஒரு சிரிப்பு. எதிரே ஆள் யாரும் கிடையாது. சிரிப்பும் செண்டும் தொலைபேசிக்குத்தான்.

"சிரிச்சா கொரல்ல கேக்கும். கடுகடுன்னு பேசினா பொலிஸ்னு நெனச்சு வச்சிருவாங்க" என்பது அவர் கட்சி. செண்டுக்கு என்ன கட்சி என்று கேட்டால், "அது எனக்கு" என்று சொல்லி முடித்துவிடுவார்.

எண்ணை அழுத்துவார். மறுமுனையில் யாராவது எடுத்ததும், "வணக்கம், சபையில இருந்து ரூபினி பேசறேன். சாப்பிட்டீங்களா? இன்னைக்கு என்ன கறி?" என்பார். கறிக்குப் பிறகுதான் காரியம். பலாக்கொட்டையா, கருவாடா என்று தெரியாமல் குப்பை வண்டியைப் பற்றி எப்படி விசாரிப்பது? சிங்கள வீடானால் அதே கேள்வி அதே சிரிப்போடு சிங்களத்தில் போகும். முஸ்லிம் வீடானால் வணக்கத்துக்குப் பதிலாக "ராத்தா, சொகமா?" என்று அக்கா முறை வைத்துத் தொடங்கும். ஒரு நாளில் இந்த மூன்று வாசல்களிலும் மாறி மாறி நுழைந்து வெளியே வந்துகொண்டிருப்பார், நாற்காலியை விட்டு எழும்பாமலே.

நகர சபை வீட்டுக்கு வீடு தொலைபேசியில் கேட்டு, கிடைக்கிற பதிலை எல்லாம் ஒரு வரைபடத்தில் ஏற்றுகிறது. சுவரில் பெரிய திரை. அதில் நகரத்தின் எல்லா லேன்களும், ஏத்தங்களும், இறக்கங்களும் கோடு கோடாக ஓடும். சேவை நல்லா இருக்கிறது என்று சொன்ன வீடு பச்சைப் புள்ளி. சுமார் என்றால் மஞ்சள். மோசம் என்றால் சிவப்பு. புள்ளி வைப்பது சிவரூபினி. புள்ளிகளைப் பார்த்து வண்டியும் ஆளும் எங்கே போகவேண்டும் என்று தீர்மானிப்பது பக்கத்து மேசை றம்ஸி சார். வயதில் சிவரூபினியைவிட இளையவர். கம்பியூட்டர் படித்துவிட்டு வந்தவர். சிவரூபினியை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். அக்கா அவரை "சார்" என்று கூப்பிடுவார். இரண்டு பேருக்கும் இதில் ஒரு வழக்கும் இல்லை.

விளையாட்டுக் காரியம் என்று நினைத்துவிடக்கூடாது. இந்தப் புள்ளிகளால் நடந்த நல்லது நிறைய. பள்ளிவாசல் வீதியில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சிவப்பு விழுவதைப் பார்த்து, ஜும்ஆ தொழுகை நேரத்தில் போய் அடைபட்டு நின்றுகொண்டிருந்த குப்பை டிராக்டரைக் காலைக்கு மாற்றினார்கள். கோயில் பின்பக்க லேனில் விளக்கு எரியாதது, தடுப்பூசி கிளினிக் மூடியபிறகுதான் தோட்டத்து பஸ் வந்து சேர்வது, எல்லாம் இப்படித்தான் வெளியே வந்தது. கிளினிக் நேரம் மாறிய அன்றைக்குச் சிவரூபினி எல்லோருக்கும் கல்பனிஸ் பன் வாங்கிக் கொடுத்தார். "என் புள்ளி பேசுது பாத்தீங்களா" என்று திரையை நோக்கிக் கையை நீட்டிக் காட்டினார். தான் பெற்ற பிள்ளைகள் மேடையில் ஆடுவதைப் பார்க்கிற முகம் அது.

அவர் குரலுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. குமரி வயதில் கோயில் தேர்நாளில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர். கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகள் எத்தனை பேர் அந்தக் குரலைக் கேட்டு அம்மாவிடம் போய்ச் சேர்ந்தார்களோ. இப்போது மாலையில் பலாபத்வல பஸ்ஸில் ஏறி "ரைட், இறங்கணும்" என்றால் போதும், முன்சீட்டில் இருக்கிறவர் திரும்பிப் பார்த்து, "நீங்க சபை அக்காதானே? எங்க லேனுக்கு இன்னும் கல்லு போடல்லியே" என்பார். சிவரூபினி இறங்குகிற இடத்தைத் தாண்டிப்போய்க்கூட அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டுக்கொண்டு நிற்பார். வீட்டில் கணவர் ரமணன், "சோறு போடவா, இல்ல கருத்துக் கேக்கப் போறியா?" என்று கேலி பண்ணுவது சும்மா இல்லை.

போன மழைக்காலத்தில் றம்ஸி சார் அலுவலகத்து மேசை நாற்காலிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தவர், "அக்கா, உங்க நாற்காலி எப்படி?" என்று கேட்டார்.

"பரவாயில்ல சார்."

றம்ஸி சார் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். சிவரூபினி அட்டையைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினார். அந்த நேரத்தில் அதில் ஒரு விசேஷமும் இருந்ததாக யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு வறட்சி வந்தது. ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் மேகம் கூடுகிறதா என்று எல்லோரும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மலை மொட்டையாகத் துலங்கிக்கொண்டு நின்றது. குழாய்த் தண்ணீர் மேட்டு வீடுகளுக்கு ஏறவில்லை. சபையிடம் இருப்பது தண்ணீர் ஏற்றிப்போகும் பவுசர் வண்டிகள் கொஞ்சம். அவை எந்த லேனுக்குப் போகவேண்டும் என்பதை வரைபடம் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. பச்சையாக இருக்கும் இடத்துக்குப் பவுசரை நிறுத்தி, சிவப்பாக இருக்கும் இடத்துக்கு அனுப்புவது. நியாயமான ஏற்பாடுதான். நிறுத்தவேண்டிய இடங்களின் பட்டியலில் முதல் வரியாக சாதிக்காய் ஏத்தம் வந்தது. மேட்டுத் தெரு, செங்குத்தாக ஏறும். ஆனால் அடி முதல் நுனி வரை பச்சை. அடுத்த கிழமையிலிருந்து அங்கே பவுசர் கிடையாது.

சிவரூபினிக்குச் சந்தோஷம்தான். தான் விசாரித்த தெரு இவ்வளவு திருப்தியாக இருக்கிறதே என்று திரையைப் பார்த்துக் குளிர்ந்துபோனார்.

அன்றைக்கே தொலைபேசி அடித்தது. பீபி ராத்தா. சாதிக்காய் ஏத்தத்தின் உச்சியில் இடியப்பம் அவிக்கிற மனுஷி. நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் காலையில் ஆவி பறக்கிற இடியப்பத்தில் பாதி அவர் வீட்டிலிருந்து இறங்கியதுதான். பவுசர் வரும் நாளில் பெரல் என்கிற நீலப் பீப்பாயை நிரப்பிவைத்து, அதைக் கொண்டு மா குழைத்து, தட்டுக் கழுவி, அடுத்த பவுசர்வரை இழுத்துப் பிடிப்பார். அந்தத் தண்ணீர்தான் அவருக்கு அடுப்பு, கடை, வீடு எல்லாம்.

"புள்ள, பவுசர் வராதாமே? கீழ கடைல சொன்னாங்க."

"ஆமா ராத்தா. உங்க பக்கம் நல்லா இருக்குல்ல? அதனால மத்த பக்கம் அனுப்பறாங்க."

"நல்லா ஈக்குதுன்னு யாரு சொன்ன?"

"நீங்கதான் சொன்னீங்க."

"நானா? எப்ப?"

"நான் கேட்டேன்ல, தண்ணி எப்படின்னு. அல்ஹம்துலில்லாஹ்னு சொன்னீங்களே. அழுத்திச் சொன்னீங்க ராத்தா. எனக்கு இன்னும் காதுல இருக்கு."

மறுமுனையில் பீபி ராத்தாவிடமிருந்து ஒரு சிரிப்பு. சிரிப்பென்றால் சந்தோஷச் சிரிப்பில்லை. இப்படியும் ஒரு பெண்பிள்ளை இருக்கிறதா என்கிற சிரிப்பு.

"அது தண்ணிக்குச் சொன்னதில்ல புள்ள. அல்லாஹ்வுக்குச் சொன்னது."

சிவரூபினி திரையில் ஏத்தத்தின் உச்சிப் புள்ளியைத் தேடினார்.

"இப்ப எப்படின்னு நீ கேட்டாலும் நான் அதத்தான் சொல்லுவேன். பெரல்ல அடித்தண்ணி. தட்டெல்லாம் கழுவாம அடுக்கி வச்சீக்கி. பள்ளிக் குழாய் டெப்புல இருந்து தண்ணியக் கேன்ல தூக்கி இடுப்பு விட்டுப்போச்சு. அதுக்காகப் படைச்சவனப் பத்திக் கொறை சொல்லேலுமா? அல்ஹம்துலில்லாஹ்தான். ஆனா பவுசர நிப்பாட்டினா, நான் அடுப்ப அணைக்கத்தான் வேணும்."

வைத்துவிட்டார். சிவரூபினி தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே இருந்தார். சாதிக்காய் ஏத்தத்துப் பச்சைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குரல் இருந்தது, குரல்களை அவர் மறப்பவரில்லை. முஸ்லிம் வீடுகள் அல்ஹம்துலில்லாஹ் என்றன. மாரியாயி வீட்டில் "பரவாயில்லங்க, ஏதோ ஓடுது" என்றார்கள். சிங்கள வீட்டு நோனாவைக் கேட்டபோது "வரதக் நே" என்றார், குற்றமில்லை என்று அர்த்தம். மூன்று பாஷையிலும் ஒரே மரியாதை. கேட்கிறவர் மனம் நோகக்கூடாது, தன் கஷ்டத்தை முதல் வார்த்தையிலேயே கொட்டிவிடக்கூடாது. சிவரூபினியும் அப்படிப் பேசிப் பழகியவர்தானே. எல்லாவற்றுக்கும் பச்சை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஐயோ கடவுளே, கூச்சத்துக்கெல்லாம் பச்சை போட்டிருக்கேனே, என்று தலையில் கையை வைத்துக்கொண்டார்.

எழுந்து றம்ஸி சாரின் மேசைக்குப் போனார்.

"சார், சாதிக்காய் ஏத்தம் பச்சை இல்ல சார். நான் தப்பா போட்டுட்டேன்."

"எது தப்பு?"

"எல்லாமே."

றம்ஸி சார் திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அக்கா, ஒரு தெரு முழுக்கவா? ஆத்தோர வீதில பாருங்க, ஒரே சிவப்பு. அங்க மோசம், ரொம்ப மோசம்னு சொல்லியிருக்காங்க. அவங்களுக்குன்னு பவுசர எழுதியாச்சு. இப்ப எதை வச்சு நான் திருப்பி எடுக்கிறது? ஆளுங்க வாயால சொன்னதுதானே டேட்டா?"

கேள்வி சரியான கேள்வி. சிவரூபினி திரும்பிப் போய்த் தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அட்டை தன் மேசையடியிலேயே விழுந்து கிடந்தது.

"சார், இந்த நாற்காலி எப்படின்னு அன்னைக்கு என்கிட்ட கேட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நான் என்ன சொன்னேன்?"

"பரவாயில்லன்னு."

"நீங்க என்ன எழுதிக்கிட்டீங்க?"

"நல்ல நிலையில் உள்ளதுன்னு."

"இப்ப உக்காந்து பாருங்க."

றம்ஸி சார் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் "யா அல்லாஹ்" என்று கத்திக்கொண்டு மேசையை இரண்டு கையாலும் பிடித்தார். பேனாப் போத்தல் உருண்டது. அலுவலகமே திரும்பிப் பார்த்தது. சாய்ந்தபடியே அவர் சிவரூபினியை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுலயா அக்கா இவ்வளவு நாளா உக்காந்திருக்கீங்க?"

"பரவாயில்ல சார்" என்றார் சிவரூபினி.

றம்ஸி சார் எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார். சிரிப்பு அடங்கவில்லை அவருக்கு. "எங்க உம்மா அப்படித்தான். ஆஸ்பத்திரில சேலைன் ஏறிக்கிட்டு ஈக்கிது, டொக்டர் எப்படின்னு கேட்டா அல்ஹம்துலில்லாஹ். டொக்டர் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார். நான்தான் ஓடிப்போய், டொக்டர், அவங்க வாயக் கேக்காதீங்க, வயித்த அமுக்கிப் பாருங்கன்னேன்." சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "நாமளும் வாயத்தான் கேட்டிருக்கோம், என்ன?"

அப்போதும் பவுசரை அவர் உடனே திருப்பிவிடவில்லை. ஆத்தோர வீதியில் உண்மையிலேயே தொண்டை காய்ந்திருந்தால் என்ன செய்வது? திரும்பக் கேளுங்கள், எல்லோரையும் கேளுங்கள், ஆனால் எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள் என்றார். வேறு எப்படிக் கேட்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. "எத்தனை வாளி இருக்குன்னு கேப்போமா?" என்றார் றம்ஸி சார். "வாளி ஒண்ணு சின்னதா இருக்கும், ஒண்ணு பெருசா இருக்கும்" என்றார் சிவரூபினி. செண்ட் போத்தலைத் திறப்பதும் மூடுவதுமாக யோசித்துக்கொண்டிருந்தவருக்கு, பீபி ராத்தாவின் கழுவாத தட்டு ஞாபகம் வந்தது.

அடுத்த அழைப்பிலிருந்து கேள்வி மாறிவிட்டது. கறி மாறவில்லை, அது அவர் உயிர். கறிக்குப் பிறகு, "சரி, இன்னைக்கு எதக் கழுவாம வச்சிருக்கீங்க?" என்பார்.

இதற்கு யாரும் மரியாதைக்குப் பதில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. சேவையைக் குறை சொன்னால்தானே கூச்சம். கழுவாத பாத்திரத்தைச் சொல்வதற்கு என்ன? மாரியாயி, "அத ஏன் கேக்கறீங்க, பள்ளிக்கூடச் சட்டை வெள்ளை வெள்ளையா குமிஞ்சு கெடக்கு" என்றார். நோனா, பேத்தியின் தலையை அன்றைக்கும் துவாயால் துடைத்துத்தான் அனுப்பியதாகச் சிங்களத்தில் சொல்லி வருத்தப்பட்டார். ஒரு வீட்டில் ஒரு மனுஷர், "என்னையே கழுவல்ல" என்றார். சிவரூபினி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே அவருக்குச் சிவப்புப் போட்டார். ஏத்தம் அடியிலிருந்து நுனிக்குச் சிவந்துகொண்டே போயிற்று.

ஆத்தோர வீதியில் முன்பு மோசம், ரொம்ப மோசம் என்று சத்தம் போட்டவர் ஒருவர். அவரிடம் கழுவாதது என்ன என்று கேட்டதும், "கழுவாததா? ஒண்ணும் இல்லியே. இப்பதான் காரையும் கழுவிட்டு உள்ள வாறேன்" என்றார். பிறகு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். "ஆனா சேவை மோசம்தான்" என்று சேர்த்துக்கொண்டார். அந்த வீதியில் கேட்ட மற்ற வீடுகளிலும் கழுவாதது என்று பெரிதாக எதுவும் இல்லை. சிவரூபினி தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு இதைச் சொன்னபோது, றம்ஸி சார் கம்பியூட்டர் பக்கம் திரும்பினார். அவர் தட்டிய தட்டில் ஆத்தோர வீதிப் பவுசர் சாதிக்காய் ஏத்தத்துக்கு எழுதப்பட்டது. கிழமைக்கு ஒரு நாள் வந்துகொண்டிருந்த இடத்துக்கு, அது நிற்காமல், இன்னொரு நாளும் கூடியது.

இப்போது அந்த வரைபடத்தில் "கழுவாதது" என்று ஒரு தலைப்பே இருக்கிறது. மேலிடத்திலிருந்து பார்க்க வந்த ஒரு ஐயா இது என்ன தலைப்பு என்று முகத்தைச் சுளித்தாராம். றம்ஸி சார் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு விளக்கினார். நல்ல நாற்காலி. பழையது கராஜ் மூலையில் கவிழ்ந்து கிடக்கிறது. சிவரூபினிக்குப் புதுசு வந்துவிட்டது, நாலா பக்கமும் உருளும். ஆனாலும் உட்காருமுன் காலால் அட்டையைத் தேடுவதை அவர் விடவில்லை. இல்லை என்று கண்டதும் தானே சிரித்துக்கொள்வார். செண்ட் உண்டு. தொலைபேசிக்குச் சிரிப்பு உண்டு.

பவுசர் ஏத்தம் ஏறிய அன்று பீபி ராத்தாவை அழைத்தார். மறுமுனையில் ஒரே இரைச்சல். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி விரட்டுகிற சத்தம், வாளி உருளுகிற சத்தம்.

"ராத்தா, ரூபினி. என்ன கறி?"

"கறியா? அடுப்பே இனித்தான் புள்ள. மா குழைக்கப் போறேன்."

"சரி, தண்ணி எப்படி ராத்தா?"

கேட்டபிறகுதான் பழைய கேள்வியையே கேட்டுவிட்டது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பீபி ராத்தா.

சிவரூபினியின் விரல் பச்சைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. அழுத்தவில்லை. மறுமுனையில் பீபி ராத்தாவுக்கும் அது எட்டியிருக்கவேண்டும். "இரி, இரி, நீ என்ட வாய நம்பமாட்டாய்" என்று சிரித்தபடி எங்கோ நடக்கிற செருப்புச் சத்தம் கேட்டது. அதன்பிறகு நீலப் பெரலின் அடியில் மொத்தென்று விழுந்து, பிறகு நிறைந்து நிறைந்து குரல் மாறிக்கொண்டே வருகிற தண்ணீரின் சத்தம்.

சிவரூபினி ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தி, தொலைபேசியை மெதுவாக றம்ஸி சார் பக்கம் திருப்பி வைத்தார்.